யாருக்கு வீடு? இங்கிலாந்தின் வாடகை முகவர்களும் தேர்வு என்னும் அதிகாரமும்

இங்கிலாந்தில் இன்று ஏறத்தாழ 46 லட்சம் குடும்பங்கள் தனியாருக்குச் சொந்தமான வாடகை வீடுகளில் வாழ்கின்றன. ஐந்து குடும்பங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களில் பலர் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டை விளம்பரப்படுத்தியவர், திறந்து காட்டியவர், சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டு வாங்கியவர், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவி கொடுத்தவர், குழாய் ஒழுகினால் புகார் சொல்ல வேண்டியவர் என எல்லாமே வாடகை முகவர்தான். அவரைப் பற்றி அந்நாட்டில் நடந்த விவாதம் நெடுங்காலமாகக் கட்டணத்தையே சுற்றி வந்தது. குடிவருபவரிடம் அவர் காசு வாங்கலாமா, வாங்கினால் எவ்வளவு என்பதே கேள்வியாக இருந்தது. 2019இல் ஒரு சட்டம் அதற்கு விடை சொல்லிவிட்டது. ஆனால் முகவரின் அதிகாரம் அவர் வாங்கும் காசில் இருந்ததைவிட, யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்ற தேர்வில்தான் அதிகம் இருந்தது, இருக்கிறது. கட்டணத்துக்கு ரசீது உண்டு. அதனால் சட்டத்தின் கண்ணில் பட்டது. நிராகரிப்புக்கு ரசீது கிடையாது. அதைச் சட்டம் இன்னும் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறது என்பதே என் வாதம்.

முகவர் எப்படி இவ்வளவு பெரிய ஆளானார் என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நான்கில் மூன்று குடும்பங்கள் தனியாரிடம்தான் வாடகைக்கு இருந்தன. கிளாஸ்கோவில் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தை அடுத்து 1915இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்பின் உள்ளாட்சி மன்றங்கள் கட்டிய வீடுகளும் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டும் வழக்கமும் பெருகின. 1991 வாக்கில் தனியார் வாடகை வீடுகளின் பங்கு ஏறக்குறைய ஒன்பது விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. சரிவைத் திருப்பியது 1988ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். புதிய குடியமர்வுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு மாத அறிவிப்பில் குடியிருப்பவரை வெளியேற்ற வழிவிட்ட 21ஆம் பிரிவும் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. அடுத்த திருப்பம் 1996இல் வந்தது. வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்குவோருக்கான தனிக் கடன் திட்டம் அந்த ஆண்டில் அறிமுகமானது. அதை வடிவமைத்ததில் கடன் நிறுவனங்களோடு சேர்ந்து நின்றது வாடகை முகவர்களின் சங்கம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டுக்காரருக்கும் குடிவருபவருக்கும் நடுவே ஓடியாடித் தகவல் சொல்லும் ஆள் என்றே முகவரை நினைக்கிறோம். அங்கே அவர் சந்தையையே உருவாக்கியவர்களுள் ஒருவர். கையிருப்பை வீட்டில் போட நினைத்த ஆசிரியர்கள், மருத்துவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று ஒரு புதிய வீட்டுக்காரர் கூட்டமே உண்டானது. 2021இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில் வீட்டுக்காரர்களில் 43 விழுக்காட்டினரிடம் வாடகைக்கு விட ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அவர்களுக்குச் சட்டம் தெரியாது, நேரமும் இல்லை. வாடகையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை கொடுத்து எல்லாவற்றையும் முகவரிடம் விட்டுவிடுவது அவர்களில் பலருக்கு எளிதாக இருந்தது.

கட்டணப் பிரச்சினை இந்தக் கூட்டத்தைவிட வயதில் மூத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில், காலி வீடுகளின் முகவரிப் பட்டியலைக் காசுக்கு விற்றும், பெயரைப் பதிவு செய்வதற்கே பணம் வாங்கியும் பிழைத்தவர்களைத் தடுக்க 1953இல் ஒரு சட்டம் வந்தது. வீடு கிடைத்த பிறகு வேறு பெயர்களில் வாங்கும் பணத்தை அது தடுக்கவில்லை. ஆகவே ஒப்பந்தம் தயாரிக்க, பின்னணி விசாரிக்க, வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுக்க, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க என்று கட்டணங்கள் கிளைவிட்டன. ஒரே வேலைக்கு வீட்டுக்காரரிடம் ஒரு தொகை, குடிவருபவரிடம் இன்னொரு தொகை வாங்கும் பழக்கமும் பரவியது. சராசரியாக ஒருவர் குடிபுக 200 பவுண்டுக்கு மேல் முகவருக்குக் கொடுத்தார். இங்கே போட்டி வேலை செய்யாததற்குக் காரணம் எளிமையானது. குடிவருபவர் வீட்டைத்தான் தேர்ந்தெடுக்கிறார், முகவரை அல்ல. பிடித்த வீடு எந்த முகவரிடம் இருக்கிறதோ அவர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். 2014 அக்டோபரிலிருந்து எல்லா முகவர்களும் அங்கீகரிக்கப்பட்ட குறைதீர்ப்பு அமைப்பு ஒன்றில் சேர வேண்டும் என்றானது. 2015இல் கட்டணப் பட்டியலைக் கடையிலும் இணையத்திலும் ஒட்டச் சொன்னார்கள். பட்டியல் ஒட்டப்பட்டது, கட்டணம் குறையவில்லை. கடைசியில் 2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியிருப்போர் கட்டணச் சட்டம் வாடகை, முன்பணம், சில குறிப்பிட்ட செலவுகள் தவிர வேறெதையும் குடிவருபவரிடம் வாங்கக் கூடாது என்று தடுத்தது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. மீறினால் 5,000 பவுண்டு வரையும், ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் மீறினால் 30,000 பவுண்டு வரையும் அபராதம்.

கட்டணத்தைத் தடுத்தால் அது வாடகையில் ஏறும் என்பது அப்போது எழுந்த பெரிய ஆட்சேபம். அதைத் தள்ளிவிட முடியாது. முகவரின் வருமானம் குறைந்தால் அவர் வீட்டுக்காரரிடம் கூட்டிக் கேட்பார், வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டப் பார்ப்பார். ஆனால் இதில் ஒரு படி விடுபட்டுப்போகிறது. முகவரைத் தேர்ந்தெடுக்க வீட்டுக்காரரால் முடியும். கூட்டிக் கேட்பவரை விட்டுவிட்டு அடுத்த தெருக்காரரிடம் போகும் வாய்ப்பு அவருக்கு இருக்கிறது. செலவு யாருடைய கையில் இருக்கிறது என்பது அதன் அளவையே மாற்றும். ஸ்காட்லாந்தில் இத்தகைய கட்டணங்கள் சட்டவிரோதம் என்று 2012இலேயே தெளிவாக்கப்பட்டது. அதன் விளைவை ஆராய்ந்த ஷெல்ட்டர் என்ற வீட்டுவசதித் தொண்டு அமைப்பு, தடையால் அங்கே வாடகை தனியாக உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஜெர்மனி 2015 ஜூனில் முகவரை அமர்த்தியவரே அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு வீட்டுக்காரர் அமர்த்திய முகவருக்குக் குடிவருபவர் இரண்டு மாத வாடகை வரை கொடுக்க வேண்டியிருந்தது. முகவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இரு தரப்புக்கும் பேரம் பேசும் வலிமை சமமாக இல்லாத இடத்தில் சட்டம் குறுக்கிடலாம் என்று சொல்லி, 2016இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. கட்டணத்தைப் பொறுத்தவரை இங்கிலாந்து சரியான முடிவையே எடுத்தது.

அந்த முடிவால் முகவர் யாருடைய ஆள் என்பதும் தெளிவானது. பணம் கொடுப்பவர் வீட்டுக்காரர் மட்டுமே என்றால் கடமையும் அவருக்கு மட்டுமே. அந்தக் கடமையின் மையமான வேலை ஆள் தேர்வு. இங்கே ஒரு எழுதப்படாத வாய்பாடு உண்டு. மாத வாடகையைப் போல 30 மடங்கு ஆண்டு வருமானம் இருந்தால்தான் விண்ணப்பம் தேறும். 1,500 பவுண்டு வாடகைக்கு 45,000 பவுண்டு வருமானம் வேண்டும். 2024இல் பிரிட்டனின் முழுநேர ஊழியர்களில் நடுவில் நிற்பவரின் ஆண்டுச் சம்பளம் 37,430 பவுண்டு. லண்டனின் சராசரி வாடகையோ அந்த ஆண்டில் மாதம் 2,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. தேறாதவர் பிணையாள் காட்ட வேண்டும். அந்தப் பிணையாள் பிரிட்டனிலேயே வசிப்பவராகவும், வாடகையைப் போல 36 மடங்கு சம்பாதிப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது வழக்கம். பிணையாள் இல்லாதவரிடம் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பது வழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கி மேற்படிப்புக்குப் போன மாணவர்கள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். கல்விக் கட்டணத்துக்கும் விசாவுக்கும் கணக்குப் போட்ட குடும்பம், அரையாண்டு வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்காது. இந்த 30 மடங்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. முகவர்களும் அவர்களுக்காகப் பின்னணி விசாரிக்கும் நிறுவனங்களும் பின்பற்றும் வழக்கம் அது. குடியமர்வு விதிகளைப் போலவே மக்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஒரு விதி, எந்த அவையிலும் விவாதிக்கப்படாமல் நடைமுறையில் இருக்கிறது.

இது புதிய கவலை அல்ல. 1967இல் ஜான் ரெக்ஸ், ராபர்ட் மூர் என்ற இரு சமூகவியலாளர்கள் பர்மிங்ஹாமின் ஸ்பார்க்புரூக் பகுதியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நெரிசலான பகிர்வு வீடுகளில் குவிந்ததற்கு அவர்களின் விருப்பம் காரணமல்ல, மற்ற வழிகள் அவர்களுக்கு அடைபட்டிருந்ததே காரணம் என்று அந்த நூல் காட்டியது. சில ஆண்டுகளில் ரே பால் என்ற இன்னொரு சமூகவியலாளர் அதைப் பொதுவான கேள்வியாக்கினார். நகரத்தில் யாருக்கு எது கிடைக்கிறது என்பதை விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டு ஒதுக்கீட்டு அலுவலர், கடன் நிறுவன மேலாளர், வீட்டு முகவர் போன்ற இடைநிலை ஆட்களின் அன்றாட முடிவுகளும் தீர்மானிக்கின்றன என்றார். பிற்காலத்தில் அவரே தம் கருத்தைத் திருத்தி, இந்த ஆட்களுக்குப் பின்னால் நிற்கும் அரசையும் மூலதனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். திருத்தம் நியாயமானது. ஆனால் பின்னால் நிற்கும் சக்திகள் முடிவாக மாறும் இடம் இந்த ஆட்களின் மேசைதான் என்ற கவனிப்பு அதனால் பொய்யாகிவிடவில்லை. 1968இன் இன உறவுச் சட்டம் வீட்டு விஷயத்தில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்தது. கறுப்பர்களுக்கு இடமில்லை என்று சன்னலில் எழுதிவைப்பது நின்றது. 45 ஆண்டுகள் கழித்து, 2013இல் பிபிசி செய்தியாளர் ஒருவர் வீட்டுக்காரர் போல நடித்து லண்டன் முகவர்களிடம் போனார். ஆப்பிரிக்க-கரீபியர்களுக்கு வீட்டைக் காட்ட வேண்டாம் என்று சொன்னபோது பத்து நிறுவனங்கள் அதற்கு இணங்கின. சன்னல் அட்டைக்கு இருந்த ஒரே நன்மை அது கண்ணுக்குத் தெரிந்தது என்பது. வீடு போய்விட்டது, வேறு ஆள் முந்திக்கொண்டார் என்று தொலைபேசியில் சொல்லப்படும் பதிலை அதைக் கேட்டவரால் எப்படிச் சோதிக்க முடியும்?

அரசே தேர்வின் இன்னொரு பகுதியை முகவரின் கையில் கொடுத்தது. 2014இன் குடிவரவுச் சட்டப்படி, வாடகைக்கு வருபவருக்கு நாட்டில் தங்கும் உரிமை இருக்கிறதா என்று வீட்டுக்காரரோ அவர் சார்பில் முகவரோ சோதிக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் இது இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தவறினால் அபராதம், 2024இல் அது பல மடங்கு உயர்த்தப்பட்டு, முதல் மீறலுக்கே குடியிருப்பவர் ஒருவருக்கு 10,000 பவுண்டு வரை ஆனது. தவறான ஆளை உள்ளே விட்டால் தண்டனை, சரியான ஆளைத் திருப்பி அனுப்பினால் ஒன்றுமில்லை என்ற அமைப்பில் எச்சரிக்கையான மனிதர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது தெரிந்ததே. குடிவரவோர் நலனுக்கான கூட்டுமன்றம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் திட்டத்தால் வெளிநாட்டவருக்கு வீடு கொடுக்கத் தயங்குவதாக 51 விழுக்காட்டு வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாதவருக்குக் கொடுக்கும் வாய்ப்புக் குறைவு என்றவர்கள் 42 விழுக்காடு. சட்டப்படி எல்லா உரிமையும் இருந்தும் கையில் கடவுச்சீட்டு இல்லாத கறுப்பின பிரிட்டிஷ் குடிமக்களும் இதில் அடிபட்டார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் இத்திட்டம் இனப் பாகுபாட்டை விளைவிக்கிறது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பாகுபாடு நடப்பதை ஒப்புக்கொண்டே, நோக்கத்தோடு ஒப்பிட்டால் திட்டம் நியாயமானதே என்று அதை மாற்றியது. நடப்பது தெரிந்தும் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அந்த முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. பாகுபாட்டைச் செய்பவர் தனியார், அதைத் தூண்டுவது அரசின் அபராதம் என்றால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழியைப் போட்டுக்கொள்ள முடிகிறது.

அரசு உதவித்தொகை பெறுபவர்களின் கதையும் இதே திசையில்தான் போகிறது. அவர்களுக்கு வீடு இல்லை என்று முகவர்கள் விளம்பரத்திலேயே போடுவது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. 2020 ஜூலையில் யார்க் நகர நீதிமன்றம், ஒரு முகவர் நிறுவனத்தின் அத்தகைய ஒட்டுமொத்த மறுப்பு 2010இன் சமத்துவச் சட்டத்துக்கு எதிரானது என்று சொன்னது. உதவித்தொகை பெறுபவர்களில் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் அதிகம் என்பதால், அவர்களை ஒதுக்குவது மறைமுகமாகப் பாலினப் பாகுபாடும் உடற்குறைப் பாகுபாடும் ஆகும் என்பதே தீர்ப்பின் தர்க்கம். வழக்குப் போட்டவர் குழந்தைகளோடு வாழும் தனித்தாய். வாடகை கொடுக்க அவரால் முடியுமா என்று யாரும் கணக்குப் பார்க்கவேயில்லை. இந்த வழக்கு வெல்ல முடிந்ததற்குக் காரணம், மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் அந்தத் தாயின் கையில் சான்றாக இருந்தது என்பதுதான். சான்று இல்லாதபோது, 30 மடங்கு வருமானம் என்ற நடுநிலை போலத் தோன்றும் அளவுகோல் அதே ஆட்களை அதே இடத்தில் நிறுத்திவிடுகிறது.

முகவர்களின் மறுமொழியைக் கேட்க வேண்டும். நாங்கள் வீட்டுக்காரர் சொல்வதைச் செய்கிறோம், விருப்பு வெறுப்பு எங்களுடையது அல்ல என்பார்கள். சட்டம் இதை ஏற்கவில்லை. பாகுபாடு காட்டச் சொல்லி ஏவியவரும் ஏவலை நிறைவேற்றியவரும் சமத்துவச் சட்டத்தின்கீழ் பொறுப்பாளிகளே. நடைமுறையிலும் அந்தப் பதில் பாதிதான் உண்மை. ஒரு வீடு வைத்திருக்கும் ஆசிரியர் நல்ல ஆளாகப் பாருங்கள் என்று மட்டும் சொல்வார். நல்ல ஆள் என்றால் யார் என்பதை வருமான வாய்பாடாகவும் ஆவணப் பட்டியலாகவும் மாற்றுபவர் முகவர்தான். இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று. முகவரே இல்லாவிட்டால் நிலைமை மோசமாகும் என்பது அது. சட்டமறியாத வீட்டுக்காரர் தம் மனத்துக்குப் பட்டபடி ஆளைத் தேர்ந்தெடுப்பார், முன்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் செலுத்த மறப்பார், எரிவாயுச் சோதனையைத் தள்ளிப்போடுவார். இது உண்மை என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆகவே முகவரை ஒழிக்கும் வாதம் அல்ல என்னுடையது. ஒரு வீட்டுக்காரரின் முன்முடிவு ஒரு வீட்டோடு நிற்கும். ஒரு முகவரின் பழக்கம் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பரவும். அதே காரணத்தால் ஒரு முகவரைத் திருத்தினால் அந்த நன்மையும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பரவும். அரசு தன் கண்காணிப்பைக் குவிக்க இதைவிடச் சிக்கனமான இடம் இல்லை.

இருந்தும் இங்கிலாந்தில் வாடகை முகவராவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. குறைதீர்ப்பு அமைப்பில் சேர வேண்டும், 2019 ஏப்ரலிலிருந்து வாடிக்கையாளர் பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர வேண்டும், அவ்வளவே. 2008இல் யார்க் பல்கலைக்கழகத்தின் ஜூலி ரக், டேவிட் ரோட்ஸ் இருவரும் அரசுக்காகச் செய்த ஆய்வு முகவர்களைக் கட்டாயமாக ஒழுங்குபடுத்தப் பரிந்துரைத்தது. அன்றைய அரசு ஒப்புக்கொண்டது. 2010இல் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. 2019 ஜூலையில் பெஸ்ட் பிரபு தலைமையிலான குழு மீண்டும் அதையே சொன்னது: தனி ஒழுங்குமுறை அமைப்பு, உரிமம், நடத்தை விதித்தொகுப்பு, கட்டாயத் தகுதி. அறிக்கை வந்து ஆண்டுகள் ஓடியும் அதை நிறைவேற்றும் சட்டம் வரவில்லை. எல்லை தாண்டினால் நிலைமை வேறு. வேல்ஸில் 2014இன் சட்டப்படி முகவர் பயிற்சி பெற்று உரிமம் எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2018 முதல் பதிவும் நடத்தை விதிகளும் கட்டாயம். விதியை மீறினால் குடியிருப்பவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உரிமம் வைத்தால் சிறு நிறுவனங்கள் நொடித்துப்போகும் என்ற பேச்சு அங்கேயும் இருந்தது. முகவர் தொழில் இரு நாட்டிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கவலைப்பட வேண்டியது அமலாக்கத்தைப் பற்றி. 2010க்குப் பிறகு நிதி வெட்டப்பட்ட உள்ளாட்சி மன்றங்களிடம் சோதனை செய்ய ஆளே போதவில்லை. ஏட்டில் இருக்கும் அபராதத் தொகை எவ்வளவு பெரிதானாலும் யாரும் வந்து பார்க்காவிட்டால் பயனில்லை.

2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்தக் கேள்வியை அவசரமாக்குகிறது. 2026 மே 1 முதல் காரணமின்றி வெளியேற்றும் 21ஆம் பிரிவு போகிறது. விளம்பரப்படுத்திய வாடகைக்கு மேல் ஏலம் கேட்க வைப்பதும், ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டியே வாடகை கேட்பதும் தடுக்கப்படுகின்றன. குழந்தை உள்ளவர்களையும் உதவித்தொகை பெறுபவர்களையும் பொத்தாம்பொதுவாக ஒதுக்குவதும் சட்டவிரோதம். முப்பது ஆண்டுகளுக்கு மேலான அநீதி ஒன்று முடிகிறது, வரவேற்க வேண்டியதே. ஆனால் ஒருவரை வெளியேற்றுவது கடினமானால், உள்ளே விடுவதற்கு முன் அவரை இன்னும் நுணுக்கமாகச் சலிக்கும் விருப்பம் வீட்டுக்காரருக்குக் கூடும். அந்த விருப்பத்தை நிறைவேற்றித் தருபவர் முகவர். பிணையாள் கேட்பதற்குத் தடையில்லை. முன்கூட்டியே ஆறு மாத வாடகை கேட்க முடியாத நிலையில், பிணையாள் இல்லாத வெளிநாட்டு மாணவரைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது முகவருக்கு எளிய வழியாகலாம். முகவரின் தகுதியைப் பற்றி இந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே உரிமத்தோடு இன்னொன்றும் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் யார் யார் விண்ணப்பித்தார்கள், யார் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டார்கள் என்ற பதிவை முகவர் வைத்திருக்க வேண்டும். கேட்டவருக்கு அவரது நிராகரிப்பின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வருமான வாய்பாடு எதுவோ அதை விளம்பரத்திலேயே வெளியிட வேண்டும். இது பெரும் சுமை என்று சொல்வார்கள். விண்ணப்பங்கள் ஏற்கெனவே மின்னஞ்சலிலும் மென்பொருளிலும்தான் வருகின்றன. சம்பளச் சீட்டு முதல் பழைய வீட்டுக்காரரின் கடிதம் வரை எல்லாம் அங்கே சேமிக்கப்படுகின்றன. சேமிக்கப்படாதது முடிவின் காரணம் ஒன்றுதான். எழுத வேண்டியிருந்தால் பொய் எழுதுவார்கள் என்ற ஆட்சேபமும் உண்டு, எழுதலாம். ஆனால் ஓராண்டின் பதிவுகளை அடுக்கிப் பார்க்கும் சோதனையாளருக்கு, ஒரே வருமானம் உள்ளவர்களில் எந்தப் பெயர்காரர்கள் மட்டும் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பது தெரியும். கடன் தரும் வங்கி எந்தத் தகவலின் அடிப்படையில் மறுத்தது என்று அறியும் உரிமை பல நாடுகளில் சாதாரணமாகிவிட்டது. அடுத்த மாதம் எங்கே குடியிருப்பது என்ற கேள்வியோடு நிற்பவருக்கு அந்த உரிமை இல்லாமலிருக்க நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.